முதல் கூடத்து வாத்து

குளிருக்குப் பயந்து தெற்கே பறந்த வாத்துக் கூட்டம் ஒரு துறைமுக நகரத்தில் இளைப்பாறியது. குவளை என்ற பெண் வாத்தும் அவள் கணவன் ஓடையப்பனும் அங்கிருந்த ஆசிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார்கள்.

"பதினாறு கூடமாம்! கூட்டம் கிளம்புறதுக்குள்ள எல்லாத்தையும் பார்த்துடணும்" என்று ஓடையப்பன் ஓடினான்.

குவளை முதல் கூடத்திலேயே நின்றுவிட்டாள். கண்ணாடிக்குள் சீனத்துக் களிமண் வாத்து ஒன்று இருந்தது.

"அக்கா, சௌக்கியமா?"

களிமண் வாத்து திடுக்கிட்டது. "எல்லாரும் பெயர்ப் பலகையைத்தான் படிப்பாங்க. என்னை யாரும் விசாரிச்சதில்லை. ஏம்மா, என்னைச் செஞ்ச மண்ணு மஞ்சள் ஆத்தங்கரையில எடுத்தது. அந்த ஆறு இன்னும் ஓடுதா?"

"ஓடுதாவா? போன மாசம் அதுலதான் நீந்தினோம்! கலங்கின தண்ணி, ஆனா மீன் ருசி."

களிமண் வாத்து சிரித்தது. ஓடையப்பன் மூச்சிரைக்க வந்து இழுக்கும்வரை இருவரும் பேசினார்கள்.

"ஒரே ஒரு கூடமா பார்த்தே?" என்று அவன் சிறகால் தலையில் அடித்துக்கொண்டான்.

கூட்டம் கடல்மேல் கிளம்பியது. தான் பார்த்ததையெல்லாம் ஓடையப்பன் சொல்லி முடித்தபோது கலங்கரை விளக்கத்தைக்கூட அவர்கள் தாண்டவில்லை. பிறகு மறுகரை தெரியும்வரை குவளைதான் பேசினாள். அவன் 'உம்' கொட்டிக்கொண்டே பறந்தான்.