இடது பக்கத்தில் காது

செல்வியின் இடது பக்கத்து வயிற்றில் காதை வைத்துச் சாய்ந்திருந்தேன்.

செல்வி என் பால் ஆடு. குட்டி போட்டு மூன்று வாரம். காலையிலிருந்து அசை போடவில்லை. இடது பக்கம் விண்ணென்று உப்பிக்கிடந்தது. பாலுக்குக் கத்திக் கத்தி இரண்டு குட்டிகளும் கூடைக்குள்ளேயே தூங்கிவிட்டன.

கால்நடை டாக்டர் போனிலேயே பிடித்துவிட்டார். யாரோ பல நாளாகச் சோறு போட்டிருக்கிறார்கள், அது வயிற்றில் புளித்துப் பொங்குகிறது. ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள், ஒரு மணி நேரத்தில் வயிறு உருள வேண்டும். சத்தம் வராவிட்டால் ஆடு தங்காது.

ஊற்றி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் எதையும் அளந்து போடுகிறவன். தவிடு இவ்வளவு, தாது உப்பு இருபது கிராம், செரிமானத்துக்கு ஈஸ்ட் பவுடர் ஒரு ஸ்பூன். வெள்ளானூரில் வேறு எந்த ஆட்டுக்கும் இந்த ராஜ உபசாரம் கிடையாது.

பக்கத்து வீட்டு எல்லம்மாவின் வேலைதான் என்று காலையிலேயே மதிலோரம் நின்று கத்தினேன்.

"இன்னா எட்மண்ட்டு, உன் ஆட்டுக்கு நான் இன்னாத்துக்கு சோறு போடப் போறேன்? என் ஊட்டுக் கோழிக்கே பத்தல" என்றாள்.

நான் நம்பவில்லை.

என் மனைவி ரெனிதா ஆட்டின் முகவாயை மடியில் ஏந்தி, என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் டைபாய்டில் கிடந்து எழுந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. இந்தத் தவக்காலத்தில் ஒருசந்தி கிடையாது, ஒரு வேளைச் சாப்பாட்டோடு நிற்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். தினமும் மத்தியானம் கம்பெனியிலிருந்து போன் செய்து "சாப்ட்டியா?" என்பேன். "தட்டு கழுவி வெச்சாச்சுங்க" என்பாள்.

முருங்கைப் பூ ஒவ்வொன்றாக ஆட்டின் முதுகில் உதிர்ந்தது. காதுக்குள் அதன் சூடு. தூரத்தில் ஆவடிப் பக்கம் ரயில் போனது. விடிகாலையிலேயே எழுந்தவன், கண் சொருகியது.

நான் மெல்ல அந்த வயிற்றுக்குள் இறங்கிப் போனேன். உள்ளே இருட்டாக, வெதுவெதுப்பாக இருந்தது. நான் போட்ட அகத்திக் கீரை தரையெல்லாம் முளைத்து முழங்கால் உயரத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை, ஆனாலும் ஆடியது. சத்தத்தைத் தேடி நடந்தேன். ஒரு மூலையில் செல்வியே குட்டியாக நின்று என்னைப் பார்த்தது. கூப்பிட்டேன். வாயைத் திறந்தது, குரல் வரவில்லை.

அப்போது கடமுடா என்று நீளமாக உருண்டது.

"கேட்டுச்சு! ரெனி, உருளுது!" துள்ளி எழுந்தேன். எல்லம்மாவைக்கூட அந்த நிமிஷம் மன்னித்துவிட்டேன்.

ரெனிதா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் சும்மா இருந்திருந்தால் நான் ஆடு பிழைத்தது என்று குளிக்கப் போயிருப்பேன்.

"ஆடு இல்லீங்க. என் வயிறு."

அது மறுபடியும் உருண்டது. காது வைக்காமலே கேட்டது.

சமையலறைக்குப் போனேன். மேடையில் கழுவிக் கவிழ்த்த தட்டு. பானையைத் திறந்தேன். விளிம்பு வரை சோறு, கரண்டி படாமல் இருந்தது. இன்று ஆடு வாய் வைக்கவில்லையே.

சாம்பல் புதனிலிருந்து பதினெட்டு நாள்.

தட்டில் சோற்றோடு வந்து அவள் முன்னால் வைத்தேன்.

"செல்விக்கு நல்லபடியா பிரசவமானா ஒருசந்தி இருக்கேன்னு நேர்ந்துகினேன். பானையில சோறு மீந்தா நீங்க கண்டுபுடிச்சிருவீங்கன்னு..." தட்டைத் தள்ளி வைத்தாள். "அது அசை போடட்டும், அப்புறம் சாப்பிடறேன்."

ஆட்டுக்கு எத்தனை கிராம் என்று மனப்பாடமாகத் தெரியும் எனக்கு. இவள் கன்னம் ஒட்டிப்போனதை இப்போதுதான் பார்க்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுபடி செல்வியின் வயிற்றில் காதை வைத்தேன். ரெனிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, ஆழத்தில் எங்கோ பாறாங்கல் புரண்ட மாதிரி ஒரு அசைவு. செல்வி கழுத்தை நீட்டி எங்கள் இருவர் முகத்திலும் நீளமாக ஒரு ஏப்பம் விட்டது.

புளித்த சோற்று வாசனை. என் மனைவியின் பதினெட்டு மத்தியானங்கள்.

செல்வியின் தாடை மெல்ல அசைய ஆரம்பித்தது. ரெனிதா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.