முதல் சுரத்தில் ஒரு கத்தல்

“உங்க கத்தலை எடுத்துட்டேன், வெர்ன்” என்றான் கர்ட்டிஸ், புதுக் காரின் சாவியை நீட்டுகிறவன் மாதிரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனிடம் யார் கேட்டார்கள்?

ஆகஸ்ட் மாதம், டிரம் கோர் எனப்படும் அணிவகுப்பு வாத்தியக் குழுக்களின் இறுதிப் போட்டி நாள். ஒளிபரப்பு தொடங்கும் வரை சும்மா இருக்க மாட்டான் என் மருமகன். பழைய வருஷப் பதிவுகளில் தனக்குப் பிடித்த முதல் உருப்படிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவான்.

நூற்றுச்சொச்சம் பிள்ளைகள் டிரம்பெட்டும் முரசுமாக மைதானத்தில் இறங்கி, வந்த வேகத்தில் கூட்டத்தின் சட்டையைப் பிடித்து உலுக்குவதுதான் முதல் உருப்படி. நடுவில் சொதப்பினால் ரசிகன் மன்னிப்பான். முதல் உருப்படியில் சொதப்பினால் பேரப்பிள்ளை காலம் வரை சொல்லிச் சிரிப்பான்.

என் மகள் ஜெனெலின் குழு வாசித்த உருப்படிக்கு அவன் பட்டியலில் எப்போதும் இரண்டாவது இடம்.

முதல் இடத்தைக் கெடுத்தது நான்.

அந்தப் பதிவில் மைதானம் நிசப்தமாக இருக்கிறது. நடுக்கோட்டில் பத்தொன்பது வயது ஜெனெல் தன்னந்தனியாக நின்று டிரம்பெட்டைத் தூக்குகிறாள். நான்கு விநாடிக்கு ஒரே ஒரு உச்ச சுரம். அதன் பிறகுதான் மற்றவர்கள் சேர வேண்டும். அந்த நான்கு விநாடியும், ஒலிப்பதிவு மைக்குக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு ஒரு மடையன் “ஜெனே...ல்!” என்று அலறுகிறான்.

இருபத்திரண்டு வருஷமாக இணையத்தில் எனக்கு ‘அந்த எருமை’ என்றுதான் பெயர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? போகட்டும் என்று இருந்தேன். வாயைத் திறந்து காரணத்தைச் சொன்னால் என் மானம் திரும்பி வரும், என் பெண்ணின் மானம் போகும்.

அந்த வருஷப் போட்டி வாரம் முழுக்க நான் குழுவின் சமையல் லாரியில் இருந்தேன். லீவு போட்டுவிட்டு வந்த ஐந்து பெற்றோர், ஒரு நாளைக்கு நான்கு வேளைச் சமையல். பயிற்சி நடப்பதெல்லாம் லாரியில் கேட்கும்.

திங்களன்று அந்தச் சுரம் பிசிறடித்தது. செவ்வாயும் பிசிறடித்தது. வியாழன் காலை நான் அப்பத்தைத் திருப்பிப் போடும்போது மறுபடியும். வெள்ளிக்கிழமை அரையிறுதியில், அத்தனை பேர் முன்னால், இரண்டாகவே பிளந்தது.

அன்றைக்கு அவள் லாரிக்குப் பின்னால் வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை எந்த மைக்கில் பதிவு செய்கிறார்கள் என்று விசாரித்து, அதற்குக் கீழே போய் உட்கார்ந்தேன். மூச்சிழுத்து அவள் தோள் உயர்ந்ததும் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். என் காதுக்கே வேறெதுவும் கேட்கவில்லை.

போட்டி முடிந்து லாரிக்கு வந்தாள். சாக்லேட் பாலைக் குடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குழுவின் வயது வரம்புப்படி இன்னும் இரண்டு வருஷம் வாசித்திருக்கலாம், அவள் போகவில்லை. டிரம்பெட் இன்றுவரை நிலவறையில் கிடக்கிறது.

அன்றைக்கும் சுரம் உடைந்திருக்கும், அந்த அவமானத்தில்தான் விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

இப்போது இந்தப் புத்திசாலி, ஏதோ கணினி வித்தையில் என் குரலை மட்டும் துடைத்து எடுத்துவிட்டானாம். ராத்திரிக்குள் இணையத்தில் ஏற்றிவிடுவானாம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பப்போகிறது என்று இவனுக்கு எப்படிச் சொல்வேன்?

“அடுப்புல சாசேஜ் கருகுதுடா, முதல்ல அதைப் பாரு” என்றேன்.

“நாலு செகண்டுல கருகிடாது. உட்காருங்க வெர்ன்.”

ஜெனெல் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் பாதி உரித்த சோளக்கதிர். அவளை உள்ளே அனுப்பிவிட ஒரு சாக்குத் தேடினேன். ஒன்றும் தோன்றவில்லை. இந்த வீட்டில் என் பேச்சை யார் கேட்கிறார்கள்?

கர்ட்டிஸ் பொத்தானை அழுத்தினான்.

திரையில் என் பெண்ணின் தோள் உயர்ந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பிசிறுக்காகக் காத்திருந்தேன்.

சுரம் வந்தது. சுத்தமாக, நேராக, இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி நான்கு விநாடியும் நின்றது. அதன் மேல் மொத்தக் குழுவும் ஏறி வந்தது.

“முதல் இடம்!” என்று கர்ட்டிஸ் சோபாவில் குதித்தான்.

நான் ஜெனெலைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உடையும்னு நினைச்சுத்தானேப்பா கத்தினீங்க” என்றாள். “அன்னிக்கே தெரியும்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சோளத்தின் மிச்ச மட்டையை உரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

கர்ட்டிஸ் மறுபடியும் போட்டான். இந்தத் தடவையும் உடையவில்லை.