ஓர்மோஷின் இறப்புத் திகதி

“அவனைத் திரும்பவும் சாக்காட்டிப் போட்டாங்கள்,” என்றார் சவுந்தரநாயகம், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஆரை?” சமையலறையிலிருந்து கேட்டாள் மனைவி கொன்ஸ்ரன்ஸ்.

“வேற ஆரை? ஓர்மோஷைத்தான்.”

பாலிந்த் ஓர்மோஷ் ஹங்கேரி நாட்டு நாவலாசிரியர். 1944இல் புடாபெஸ்டில் ஆயுதக்காரர்கள் வீட்டுக்கு வந்து அவரை அழைத்துப் போனார்கள். பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. கொள்ளுப்பிட்டியில் கப்பல் கம்பனி ஒன்றில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்ற சவுந்தரநாயகம், பொழுது போகாமல் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதத் தொடங்கியவர், ஓர்மோஷைப் பற்றியும் தமிழில் ஒரு பக்கம் எழுதியிருந்தார். ‘இறப்பு’ என்ற இடத்தில் ‘தெரியவில்லை, காணாமற்போனவர்’ என்று போட்டிருந்தார். பெயர் சொல்லாத யாரோ ஒருவர் வந்து அதை ‘1944’ என்று மாற்றுவதும், இவர் அதைப் பழையபடி திருப்பிவிடுவதுமாக ஒரு மாதமாக இழுபறி நடக்கிறது.

முன்பின் தெரியாத ஹங்கேரிக்காரனுக்காக இந்த மனுசன் ஏன் மல்லுக்கட்டுகிறார் என்று கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கைக்காரர் எவரும் கேட்கமாட்டார்கள். இவருடைய ஒரே மகன் றேமண்டை 2008இல் வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள் ஏற்றிப் போனார்கள். சவுந்தரநாயகம் ஏறி இறங்காத பொலிஸ் நிலையம் இல்லை, போய்ப் பார்க்காத ஆஸ்பத்திரி இல்லை. கொன்ஸ்ரன்ஸை ஓரிடத்துக்கும் கூட்டிப் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் தனியாகப் போய்த் திரும்பி வந்து, “அங்கையும் இல்லை. எங்கையோ இருக்கிறான்,” என்பார்.

கொன்ஸ்ரன்ஸ் பின்னேரங்களில் தன் போனில் ஓர்மோஷின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பாள். அதில் ‘இறந்தார்’ என்று கிடந்தால் அவள் இடிந்துபோவாள் என்பது அவருடைய பயம். அந்த ஒரு சொல் அவள் கண்ணில் பட்டுவிடாமல் காவல் நிற்பதுதான் இப்போது அவருக்கு முழுநேர வேலை.

மத்தியானம் ஷெல்டன் வந்தான். பக்கத்து ஒழுங்கையில் இருப்பவன், அந்தக் கலைக்களஞ்சியத்தில் நிர்வாகி. எழுதுகிறவர்களுக்குள் சண்டை வந்தால் விலக்கித் தீர்த்துவைப்பது அவன் பொறுப்பு.

“நல்ல நேரத்தில வந்தீர். அந்த ஆளை முதலில தடை செய்யும்,” என்றார் சவுந்தரநாயகம். “ஆதாரம் கேட்டால் ஆதாரம் இல்லை. ‘எண்பது வருஷமாச்சு, இனியாவது விடுங்கோ’ எண்டு எழுதுறான். இதெல்லாம் ஒரு ஆதாரமோ?”

“அங்கிள், அதைக் கதைக்கத்தான் வந்தனான்.” ஷெல்டன் குரலைத் தாழ்த்தினான். “நீங்க ஒருக்கா லொகின் பண்ண மறந்துபோய் ஒரு வரி திருத்தினீங்க. பெயர் விழவேண்டிய இடத்தில உங்கட இணைப்பின்ட இலக்கம் விழுந்தது. ஞாபகமிருக்கா?”

“ஓம். அதுக்கென்ன?”

“ஓர்மோஷைச் சாக்காட்டுற ஆளின்ட இலக்கமும் அதேதான்.”

சவுந்தரநாயகத்துக்கு முதலில் விளங்கவில்லை.

“நீங்களே ரெண்டு ஆளா நிண்டு சண்டை பிடிக்கிறீங்க எண்டு மற்ற நிர்வாகிகள் சொல்றாங்கள். நாளைக்கு உங்களைத்தான் தடை செய்யப்போறாங்கள் அங்கிள். பிறகு அந்தப் பக்கத்தை நீங்க தொடவே ஏலாது.”

“எனக்கென்ன விசரே, நானே எழுதி நானே அழிக்க?”

“அப்ப இந்த வீட்டு வைஃபையை வேற ஆர் பாவிக்கிறது?”

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த பைப் நின்றது. ஷெல்டன் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். “நான் பிறகு வாறன்,” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டான்.

கொன்ஸ்ரன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“கொன்ஸி, நீரோ?”

“ஓம்.”

அவருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இத்தனை வருஷம் கட்டிக் காத்தது கைநழுவிப் போகிற பயம்.

“அப்பிடி எழுதக்கூடாது,” என்றார் அவசரமாக. “செத்ததைக் கண்ணால கண்ட ஆரும் சொல்லவேணும். சொல்லாதமட்டும் காணேல்லை எண்டுதான் போடவேணும். நாங்கள் நம்பிக்கையை விடக்கூடாது. றேமண்டும் ஒரு நாளைக்கு…”

“ஹங்கேரிக்காரனையாவது விடுவீங்களோ எண்டு பாத்தனான். அவனை விட்டால் மற்றதையும் மெல்லமாச் சொல்லலாம் எண்டு நினைச்சனான்.” அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. “பிரேத அறையில துணியை விலக்கிக் காட்டின நேரம், ‘இது என்ட மகன் இல்லை’ எண்டு சொல்லிப்போட்டு வந்தீங்களெல்லோ.”

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம்கூட அவர் வாய் திறக்காத விஷயம் அது.

“அண்டைக்கு வீட்டை வந்து சோறும் தின்னாமல் கையைக் கழுவிக்கொண்டே நிண்டீங்க. எனக்கு விளங்கிப் போச்சு. அடுத்த நாள் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனனான். நீங்க சொன்னதைப் பிரேத அறைக்காரன்தான் சொன்னவன். என்ட மகன்தான் எண்டு சொல்லி எடுத்து, ஹெந்தளைச் சேமக்காலையில அடக்கம் பண்ணிப்போட்டு வந்தனான். நீங்க தாங்கமாட்டீங்க எண்டுதான் சொல்லேல்லை. மாதம் மாதம் அண்ணா வீட்டை எண்டு நான் போறது அங்கதான்.” அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். “எனக்கு இனிப் பஸ் ஏறேலாது. இனி நீங்கதான் போகவேணும்.”