ஒட்டிய கோப்பை

கழிப்பறையிலும் அந்தப் பாட்டு ஒலித்தது.

எங்கள் தீவில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது பாடுகிற பாட்டு. கை கழுவும் இடத்துக்கு மேலே மாட்டியிருந்த சின்ன ஒலிபெருக்கியிலிருந்து, சோப்பு வாசனையோடு கலந்து வந்தது.

வெளியே சார்ல்ஸ்டன் நகரத்துப் பெரிய மனிதர்கள் ஒயினோடு உலாவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் சட்டி நிறையக் கிண்டுகிற சோளக்கஞ்சியும் இறாலும் இங்கே கட்டைவிரல் அளவுக் கிண்ணங்களில் வந்தன. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கண்ணை மூடிச் சுவைத்தாள். "இதுல எவ்வளவு வேதனை இருக்கு," என்று சொல்லிக் கரண்டியை நக்கினாள்.

கண்காட்சியின் பெயர் 'மீட்டெடுத்த நினைவுகள்'. கறுப்பர்களின் கல்லறைக் கலை என்று அதன் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். கறுப்பர்கள் வாழும் எங்கள் தீவைப் பற்றி நான் எழுதிய புத்தகத்திலிருந்து நாலு பக்கம் வாசிக்க என்னை அழைத்திருந்தார்கள்.

அக்கா எர்னஸ்டைனும் வந்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தங்கை மேடையேறுவதைப் பார்க்க. என் புத்தகத்தை அவள் படித்ததில்லை. ஆனால் வீட்டில் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

நான் திரும்பி வந்தபோது அவள் மூன்றாவது கண்ணாடிப் பெட்டியின் முன்னால் அசையாமல் நின்றிருந்தாள்.

உள்ளே நீலக்கரை போட்ட ஒரு காபிக் கோப்பை. செய்தவர் பெயர் தெரியவில்லை, உரியவர் பெயர் தெரியவில்லை, சுமார் நூறு ஆண்டுப் பழமை என்று ஓர் அட்டை.

"நூறு வருசமாம்," என்றாள் அக்கா. "படகுத்துறைக் கடையில அம்மா வாங்கினதுடி. ஆறு கோப்பை ஒரு பெட்டி."

அம்மா கடைசியாகக் காபி குடித்த கோப்பை அது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், அடக்கத்தன்று, அக்கா அதைக் கல்லால் தட்டி உடைத்து மண்மேட்டில் வைத்தாள். போனவர் கடைசியாகத் தொட்டதை நாங்கள் உடைத்துத்தான் வைப்போம். உடைத்தால்தான் சங்கிலி அறும். இல்லாவிட்டால் போனவர் திரும்பி வந்து வீட்டில் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

நான் சிகாகோவிலிருந்து இரண்டு நாள் தாமதமாக வந்தேன். சில்லுகளைத்தான் பார்த்தேன்.

இப்போது அது முழுசாக இருந்தது. கைப்பிடிகூட இருந்தது.

அக்காவின் மகள் டெல்ஃபினுக்கு இது ஒன்பதாவது மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. போனவர் திரும்பி வருவதையெல்லாம் நம்புவதில்லை என்று மேடைகளில் சொல்கிறவள் நான். அந்தக் கோப்பையைப் பார்த்ததும் டெல்ஃபினுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன்.

"காட்டுக்குள்ள, ஒரு கல்லுகூட நடாத குழி," என்றாள் அக்கா. "நம்ம ஆளு எவனோ வழி காட்டியிருக்கான்."

"எச்சில் சோத்துக்கு வாலாட்டுற நாய்," என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன். யாராக இருக்கும் என்று தீவில் வீடுவீடாக நினைத்துப் பார்த்தேன். படகு ஓட்டுகிற ஐசயா. தேவாலயத்துச் சாவி வைத்திருக்கும் மனிகால்ட். சுற்றுலாக்காரர்களிடம் பல்லிளிக்கிற அவன் மச்சான். ஒவ்வொரு முகத்திலும் மனதுக்குள் காறித் துப்பினேன்.

அப்போதுதான் கண்காட்சிப் பொறுப்பாளர் ப்ருயிட் வந்தார். வெள்ளைக் கையுறை, பின்னாலேயே ஒரு புகைப்படக்காரர்.

"ஆறு மாசம் உக்காந்து ஒட்டினோம் மேடம். ஒரு சில்லுகூட விட்டுப்போகல."

பெட்டியைத் திறந்து கோப்பையை எடுத்து, தன் குழந்தையைத் தருகிறவர் போல என் கையில் வைத்தார். "பிடிச்சுக்குங்க, ஒரு போட்டோ. நீங்க இல்லன்னா எங்களுக்கு இது ஏது?"

அக்கா திரும்பினாள்.

அவர் கக்கத்திலிருந்து என் புத்தகத்தை எடுத்தார். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. சத்தமாகவே வாசித்தார். படகுத்துறையிலிருந்து மூன்றாவது ஓக் மரம். அங்கிருந்து தண்ணீரைப் பார்த்து இருபது எட்டு. பெயரில்லாத ஒரு தாயின் குழி, அதன்மேல் உடைந்த ஒரு நீலக் கோப்பை.

முதலில் எழுதிய பிரதியில் அம்மாவின் பெயர் இருந்தது. பெயர் இல்லாவிட்டால் வரி அழகாக இருக்கும் என்று தோன்றியது. நான்தான் அதை அடித்து நீக்கினேன்.

புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். என் வாயில் புளித்த எச்சில் ஊறியது.

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நான் ஒரு தடவ உடைச்சுட்டேன்," என்றாள். "இந்தத் தடவ நீ."

கையை விரித்தேன்.

பளிங்குத் தரையில் அது சிதறியது. ப்ருயிட் ஏதோ கத்தினார். யாரோ காவலாளியைக் கூப்பிட்டார்கள். பாட்டு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா தொப்பியைக் கழற்றினாள். தரையில் மண்டியிட்டு, ஒரு சில்லு விடாமல் அதில் அள்ளிக்கொண்டாள். நான் குனிந்தபோது என் கையைத் தட்டிவிட்டாள்.

பிறகு எழுந்து நின்று தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலைக் காட்டினாள்.

"வழி உனக்குத்தான் நல்லாத் தெரியுமே," என்றாள். "முன்னால நட."