பார்சல் டிக்கெட்

"நான் இங்க குடியிருக்கேனா, இல்ல கிடங்கு நடத்துறேனா?"

கதவை அரையடி மட்டும் திறந்துகொண்டு கேட்டாள் டினெக்கே.

வாசலில் யோரிட். நரைத்த தாடி, நனைந்த மழைச்சட்டை. அவனுக்குப் பின்னால், ஒரு பீரோவையே ஏற்றலாம் போன்ற பெட்டி சைக்கிள். நெதர்லாந்தில், ஹார்லெம் நகரின் அந்தக் குறுகலான தெருவில் வேனுக்குத் தடை போட்டதிலிருந்து, பார்சல் எல்லாம் அவன் மிதித்துத்தான் வருகிறது.

"ஒன்பதாம் நம்பர் மார்லூஸ் வீட்ல இல்லம்மா. நீங்க வாங்கி வச்சா வந்து எடுத்துக்குவாங்க."

"நேத்து பதினொண்ணாம் நம்பர். முந்தாநாள் ஆறாம் நம்பர். இந்தத் தெருவுல யாருக்குமே வீட்ல கால் தரிக்காதா?"

"எல்லாரும் பிஸி. நீங்கதான் ரிட்டயர்டு."

"வேன்காரன் வந்தப்ப இந்த வம்பே இல்ல."

"அவனுக்கு வண்டி நிறுத்த இடமில்ல. ஆளில்லன்னு கதவுல சீட்டச் சொருகிட்டு ஓடிடுவான். எனக்கென்ன, உங்க வாசல்லயே நிறுத்திட்டு ஆற அமரப் பேசலாம்."

"அதான் என் தலைவலி!" பார்சலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். எவன் புளுகுகிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இவன் முகத்திலும் ஏதோ இருந்தது.

சாயங்காலம் மார்லூஸ் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். காபி, ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட், உடனே டப்பாவுக்கு மூடி. ஊர் வழக்கம். குழந்தை டினெக்கேயின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. கிளம்ப அரைமணி ஆயிற்று.

'பார்சல் வாங்க வந்தவளுக்கு அரைமணி நேர அரட்டை!' என்று முணுமுணுத்தவள், மறுநாளே கம்பெனிக்குப் போன் போட்டுப் புகார் செய்துவிட்டாள்.

புகார் பலித்தது. ஒரு வாரம் யாரும் மணி அடிக்கவில்லை.

முதல் நாள் அப்பாடா என்றிருந்தது. மூன்றாம் நாள், மணி வேலை செய்கிறதா என்று தானே வெளியே போய் அழுத்திப் பார்த்தாள். டப்பாவில் பிஸ்கட் குறையவே இல்லை. குடிவந்து ஒரு வருஷத்தில் அந்த வீடு இத்தனை வெறிச்சென்று இருந்ததில்லை. வலித்தது.

வெள்ளிக்கிழமை ஜன்னல் வழியே பார்த்தாள். ஒன்பதாம் நம்பரில் யோரிட் மணியைத் தொட்டதுமே மார்லூஸ் கதவைத் திறந்தாள். பதினொன்றிலும் ஆள் இருந்தது. ஆறிலும்!

வீட்டுச் செருப்போடு ஓடினாள்.

"மாட்டினியா! எல்லாரும் வீட்லதான் இருக்காங்க. இத்தனை நாளா எங்கிட்டப் புளுகியிருக்க!"

யோரிட் தாடியைச் சொறிந்தான். பிறகு போனில் பழைய ஆர்டர்களை எடுத்துக் காட்டினான். மூன்று வீட்டு ஆர்டரிலும் ஒரே குறிப்பு.

'வீட்டில்தான் இருப்போம். ஆனாலும் 14-ல் கொடுக்கவும்.'

பதினான்கு அவள் வீடு.

"ஏன் இப்படி?"

"ஏம்மா, முன்னாடியே நாள் குறிக்காம யாராவது வந்து மணி அடிச்சா உள்ள விடுவீங்களா?"

"அதெப்படி விடுவேன்? அது என்ன பழக்கம்?"

"அதேதான் அவங்களும் சொன்னாங்க. புதுசா வந்தவங்க, தனியா இருக்காங்க, என்னத்தச் சொல்லி உள்ள போறதுன்னு. டிக்கெட் பரிசோதகர் வீடாச்சே! பார்சல்தாம்மா டிக்கெட். நடுவுல ஆபீஸ்ல திட்டு வாங்கினது நான்."

டினெக்கே அந்தக் குறிப்பை இன்னொரு தடவை படித்தாள்.

"சரி சரி, வண்டிய எடு. வழிய மறைக்காத" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு கிலுகிலுப்பைக்கு ஆர்டர் போட்டாள். குறிப்பு எழுதும் கட்டத்தில், வாழ்க்கையில் முதல்முறையாகத் திருட்டு ரயில் ஏறுகிறவள் போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினாள்.

'வீட்டில்தான் இருப்பேன். ஆனாலும் 9-ல் கொடுக்கவும்.'