கழுத்தா, குதிரையா?

சந்தியாகு வலது காலை நீட்டி, கட்டைவிரலால் கித்தாரின் சுவிட்சை மேலே தள்ளினான். இரண்டு கையும் பாங்கோஸ் கொட்டுவதை விடவில்லை. பாட்டும் நிற்கவில்லை.

கித்தார் அருளப்பனின் மடியில் இருந்தது. "காலை எடுங்க மாப்ள, காதுகுத்து வீட்டுல மானத்த வாங்காதீங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுவிட்சைக் கீழே இழுத்தான். கீரனூரில் அன்று பாட்டைக் கேட்டவர்களைவிட அந்தக் காலைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

சந்தியாகு அருளப்பனின் தங்கை புருஷன். கித்தார் அவனுடையது, பினாங்கிலிருந்து அவன் சித்தப்பா கொண்டுவந்தது. வாசிப்பவன் அருளப்பன். கம்பிகளுக்கு அடியில் ஒலியைப் பிடிக்கிற காந்தப்பட்டை இரண்டு உண்டு. ஒன்று கழுத்துப் பக்கம், மற்றது கம்பிகளைத் தாங்கும் குதிரைப் பக்கம். சுவிட்சு மேலே இருந்தால் கழுத்து பேசும். சத்தம் குண்டாக, வயிற்றிலிருந்து வருவதுபோல வரும். கீழே இருந்தால் குதிரை. வெண்கலத் தட்டில் சுண்டின மாதிரி கணீரென்று கேட்கும்.

முதலில் அந்தச் சுவிட்சை யாரும் சட்டை செய்யவில்லை. இந்த இரண்டு வருஷமாகத்தான் சந்தியாகு கழுத்து கழுத்து என்று ஒற்றைக்காலில் நின்றான். அருளப்பனும் விடுகிறவன் இல்லை. ஆவூர் டீக்கடையில் கழுத்துக் கட்சி, குதிரைக் கட்சி என்று பெஞ்சே பிரிந்துபோனது. கித்தாரைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட ஏதாவது ஒரு கட்சியில் இருந்தார்கள்.

"கழுத்துல வச்சா கூழு கொதிக்கிற மாதிரி இருக்கு மாப்ள. பாட்டு எது, எரைச்சல் எதுன்னே தெரியல. கல்யாண வீட்டுல கேக்குறாங்க, மோட்டார் ஓடுதான்னு!"

அருளப்பன் எத்தனை நியாயம் சொன்னாலும் சந்தியாகுவிடம் ஒரே பதில்தான். "அது கெடக்கட்டும் மச்சான், மேல தள்ளுங்க."

திருச்சியிலிருந்து வந்த கித்தார்க்காரர் ஒருவர் பஞ்சாயத்துக்கு வந்தார். "ரெண்டும் சேந்து வரட்டுமே" என்று சுவிட்சை நடுவில் நிறுத்திக் காட்டினார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒத்துப்போன ஒரே விஷயம், அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான்.

அருளப்பன் சுவிட்சைக் கீழே வைத்து நூலால் கட்டினான். சந்தியாகு பிளேடு போட்டு அறுத்தான். மெழுகு ஊற்றினால் சுரண்டினான். நாற்காலி போட்டாலும் உட்காராமல் ஸ்பீக்கர் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான், கால் எட்ட வேண்டும் என்பதற்காகவே. அப்படித்தான் அருளப்பன் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான்.

கீரனூரில் பந்தி முடிந்தது. ஒயரையெல்லாம் சுருட்டியாகிவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெற்றிலை வாங்கப் புறப்பட்ட சந்தியாகு, போகிற போக்கில் குனிந்து, கரண்டே இல்லாத கித்தாரின் சுவிட்சை மேலே தள்ளிவிட்டுப் போனான்.

அருளப்பனுக்குப் பொறுக்கவில்லை. "போய்யா போ! இனிமே ஒன் மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்!" என்று முதுகுக்குப் பின்னால் கத்தினான். சந்தியாகு திரும்பிப் பார்க்கவில்லை.

லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான் என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதற்கும் சந்தியாகு திரும்பவில்லை, விலகவில்லை. கோபத்தில் போகிறவன் எதற்கு விலகுவான் என்று நினைத்த அருளப்பனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

சந்தியாகுவின் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. கரண்டில் அலறுகிற சாமான் கோயிலுக்குள் ஆகாது என்று சாமியார் சொல்லிவிட்டதால், வீட்டு வாசலில் பாட்டு செட்டை இறக்கினார்கள். டீக்கடைக் கட்சிகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக வந்து நின்றன. குதிரைக் கட்சிக்காரர் ஒருவர் துக்க முகத்தோடு நெருங்கி, "அதுக்காக விட்டுக்குடுத்துறாதப்பா" என்று ஓதிவிட்டுப் போனார்.

தங்கை மதலைமேரி வெளியே வந்தாள். புருஷன் உட்காரும் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் பலகையில் உள்ளங்கையைப் பதித்தாள்.

"மேல வச்சு வாசிங்கண்ணே. பொட்டி அதிரணும்."

அருளப்பன் தள்ளத் தேவையே இருக்கவில்லை. சந்தியாகு தள்ளிவிட்டுப் போன இடத்திலேயே சுவிட்சு இருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

வாசித்தான். கூழ் கொதித்தது. அவள் கைக்கு அடியில் பலகை கிடுகிடுவென்று ஆடியது. கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். பாதிப் பாட்டில் அருளப்பனின் விரல் நின்றுவிட்டது.

"நான் சொன்ன வார்த்தையோடயே மாப்ள போயிட்டாரே மேரி! மூஞ்சியில முழிக்கமாட்டேன்னு கத்துனேன். அந்த ஆத்தரத்துலதான லாரிக்குக்கூட வெலகல?"

மதலைமேரி பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே அண்ணனைப் பார்த்தாள்.

"தெரிஞ்சா செட்ட விட்டு எடுத்துருவீங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு" என்றாள். பிறகு, வாசலில் நின்ற இரண்டு கட்சிக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்:

"அவருக்குக் காது கேட்டு ரெண்டு வருசமாச்சுண்ணே."