ஞாயிற்றுக்கிழமைக் கழுத்து

அம்மாவுக்குக் கழுத்துவலி சனிக்கிழமை சாயங்காலம் வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்விடும்.

"காலண்டர் பாத்து வாற வலியை இப்பத்தான் பாக்கேன்" என்றார் அப்பா. "டீச்சருக்கு நடிக்கவும் வருது!"

நடிப்பு கிடையாது. நடிப்பு எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் நான் பேசாத குரல் இல்லை. பால்காரர், ஹெட்மாஸ்டர், பஸ் ஸ்டாண்டில் "சாத்தூர் சாத்தூர் சாத்தூர்" என்று கத்துகிற கண்டக்டர், எல்லாரும் என் தொண்டைக்குள்தான் குடியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் துளியும் இல்லை.

ஒரு வாரம் வலி திங்கட்கிழமையும் போகவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்ப முடியாமல் உட்கார்ந்தே பாடம் நடத்தினாள். அப்புறம்தான் அப்பா டாக்டரிடம் கூட்டிப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "எலும்பு ஜம்முன்னு இருக்கும்மா. ஆனா வலி பொய்யில்ல. மனசுல பயம் இருந்தா, உடம்பு அடி வாங்கப் போற மாதிரி இறுக்கிப் பிடிச்சுக்கிடும். இப்பப் பாருங்க, உங்க ரெண்டு தோளும் காதுகிட்ட நிக்கு. பொழுதன்னைக்கும் தூக்கி வச்சிருந்தா வலிக்காம என்ன செய்யும்? ஞாயித்துக்கிழமை அப்படி என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லியே டாக்டர்."

சொல்லும்போதே தோள் இன்னும் ஒரு இஞ்ச் ஏறியது.

விசேஷம் என்னவென்று எனக்குத் தெரியும். போன்.

அக்காவுக்குச் சாத்தூரில் நிச்சயமாகியிருந்தது. எங்கள் சொந்தத்தில், நிச்சயம் முடிந்தால் கல்யாணம் வரைக்கும் சம்பந்தியம்மாக்கள் இரண்டு பேரும் வாராவாரம் பேசியாக வேண்டும். ஒரு வாரம் விட்டுப்போனால், "என்னமோ மனத்தாங்கலாம்லா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. சார்ஜ் பாதி. அதனால் அன்றைக்குத்தான், ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று மணி அடிக்கும்.

"மாப்பிள்ளை வீடுட்டி. ஒரு சொல்லு தப்பா விழுந்தா உங்க அக்கா வாழ்க்கைல்லா?" என்பாள் அம்மா.

அந்த ஞாயிறு போன் அடித்தபோது அம்மாவால் தலையைத் திருப்பக்கூட முடியவில்லை. நான் எடுத்தேன். அப்படியே அம்மாவின் குரலில், "சொல்லுங்க மதினி!" என்றேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அலோ, மதினியா? நல்லா இருக்கீயளா?" தேனில் முக்கி எடுத்த குரல்.

வெயில், புளிக்காத தயிர், ஜாக்கெட்டுக்கு எந்த டெய்லர்... நான் பேசப் பேச அம்மாவின் தோள் மெதுவாகக் கீழே இறங்கியது. இறங்கினதை என் கண்ணால் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அம்மா நான்தான். சம்பந்தியம்மாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு நாள் திடீரென்று, "மதினி, இங்கன கரண்டு போயிட்டு. ஸ்கோர் என்ன?" என்று கேட்டார்கள். இப்படி ஒரு மாமியார் கிடைக்க அக்கா கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குக் கழுத்துவலி போயே போய்விட்டது.

"நான் வாங்கிக் குடுத்த எண்ணெய்!" என்றார் அப்பா.

அப்புறம் வந்தது வினை. முகூர்த்தப் புடவை எடுக்க, வருகிற ஞாயிறு சாத்தூரிலிருந்து நேரிலேயே வருகிறார்களாம்.

அம்மாவுக்குப் புதன்கிழமையே கழுத்து பிடித்துக்கொண்டது.

"இத்தனை நாளா என்னென்ன பேசித் தொலைச்சேன்னு சொல்லுட்டி! அவிய முன்னாடி நான் முழிச்சா, கல்யாணமே நின்னுரும்."

"ஸ்கோர்தாம்மா பேசினேன்."

"எந்த ஸ்கோரு?"

வந்தார்கள். சம்பந்தியம்மா வள்ளித்தாய், சாத்தூர் சேவுப் பொட்டலத்தை நீட்டிவிட்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன் மாமா போன் பக்கத்து நாற்காலியில். முறுக்கு மீசை. அவர் தொண்டையைச் செருமினால் அவருடைய தீப்பெட்டி ஆபீஸே கப்சிப் ஆகிவிடும் என்று கேள்வி. எங்களைப் பார்த்து ஒரு "ம்". அவ்வளவுதான்.

கடம்பூர் போளியை வைத்தோம். யாரும் தொடவில்லை.

அம்மாதான் தைரியமாக ஆரம்பித்தாள். "அன்னைக்குப் போன்ல சொன்னீயள்லா, மதினி..."

சம்பந்தியம்மா முகம் வெளுத்துவிட்டது. "நானா? நான்... என்ன சொன்னேன்?"

அதற்கு மேல் அம்மாவுக்கும் தெரியவில்லை.

சம்பந்தியம்மா வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். "தோள்பட்டை, மதினி. சனிக்கிழமையானா கல்லாட்டம் ஆயிருது. படமெல்லாம் எடுத்தாச்சு. ஒண்ணுமில்லங்காவ. நீங்க டீச்சரா, நான் அஞ்சாப்போட நின்னவ, எதையாவது உளறிட்டா..."

சொல்லி முடிக்கவில்லை. போன் அடித்தது.

அம்மாவின் இரண்டு தோள், சம்பந்தியம்மாவின் இரண்டு தோள், நாலும் ஒரே நேரத்தில் காதுக்கு ஏறின.

"ஏட்டி விஜி, நீ எடு!" என்றாள் அம்மா, பழக்கத்தில்.

அதே நேரம், "ஏங்க, நீங்க எடுங்க!" என்றார்கள் சம்பந்தியம்மா, அவர்களும் பழக்கத்தில்.

நான் ஓடுவதற்குள் மீசை மாமா எடுத்துவிட்டார். தொண்டையைச் செருமினார். இடி இறங்கப் போகிறது என்று நான் காதைப் பொத்தப் போனேன்.

அந்த முறுக்கு மீசைக்கு அடியிலிருந்து, தேனில் முக்கி எடுத்த குரல் வந்தது:

"அலோ, மதினியா? நல்லா இருக்கீயளா?"